ஓடும் காரில் ஒலிக்கும் குரல்

நெடுவழிப் பிரயாணத்துக்குப் புறப்படும் எம்மவர் கட்டுச்சோற்றை மறந்தாலும் மறப்பர், பாட்டை மறப்பதில்லை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரையுள்ள வழி ஏறத்தாழ 400 கிலோமீற்றர். புத்தளம் கழிந்து அநுராதபுரம் நெருங்குமுன்பே பிள்ளைகள் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கத் தொடங்கிவிடுவர். பெரியவர்கள் கண்ணயர்வர். சாரதி ஒருவர் மட்டும் விழித்திருக்கவேண்டிய அந்நேரத்தில் அவருக்குத் துணையாவது பாட்டொன்றே.

பாட்டுக்கு இன்று பஞ்சமில்லை. சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசியிலும், விரலளவுள்ள சிறு பெட்டியிலும் ஆயிரக்கணக்கான பாடல்களை நாம் சுமந்து திரிகின்றோம். ஆயினும், பையில் இருக்கும் பாட்டைக் காரின் ஒலிபெருக்கியில் கேட்பதற்கு வழி தெரியாது திகைப்போர் பலர். பாட்டுப்பெட்டி புதியது; காரோ பழையது. புதியதையும் பழையதையும் கைகோக்கச் செய்வது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

இதனை எழுத எம்மைத் தூண்டிய சம்பவம் ஒன்றுண்டு. அதனை முதலிற் கூறிவிடுகின்றோம்.

மதவாச்சி வரை மௌனம்

எம் நண்பர் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய மகன் எண்பதுகளின் நடுப்பகுதியில் ஜேர்மனிக்குச் சென்றவர். அக்காலத்தில் தொலைபேசியிற் பேசுவதென்பது எளிதான காரியமன்று. ஆகவே, எம் நாட்டிலிருந்த தாய்மார் பலர் கசெற் நாடாவிலே தமது குரலைப் பதிந்து பிள்ளைகளுக்கு அனுப்பினர். எழுத்துக் கடிதத்துக்குப் பதிலாகப் பேச்சுக் கடிதம்! நண்பரின் மனைவியாரும் 1987ஆம் ஆண்டில் அவ்வாறு ஒரு கசெற் அனுப்பியிருந்தார். மகன் அதனைப் பொன்போலப் பேணி வைத்திருந்தார்.

அன்னையார் மறைந்து ஓராண்டு நிறைவுற்றபோது, ஆட்டைத்திவசத்துக்காக மகன் வந்திறங்கினார். கூடவே அந்தக் கசெற்றையும் கொண்டுவந்தார். நண்பரின் காரில் ஊருக்குப் புறப்பட்டோம். நாமும் உடன் சென்றோம். அக்காரிலே பழைய கசெற் செற் ஒன்று இருந்தது. "இதிலேயே போட்டுக் கேட்கலாமே" என்று சொன்னவர் வேறெவருமல்லர், நாமேதான்.

ஆறு நிமிடம் அம்மையாரின் குரல் தெளிவாக ஒலித்தது. பின்னர் அது இழுபட்டது, தடித்தது, நின்றுவிட்டது. கசெற்றை வெளியே எடுத்தபோது அதனோடு கசங்கிய நாடாவும் சுருள் சுருளாக வந்தது. நண்பர் காரை ஓரமாக நிறுத்தினார். மகன் நாடாவை மெல்லக் கைக்குட்டையிற் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நீர் சொன்னபடியாலைதானே போட்டனான்" என்று நண்பர் எம்மை ஒரு வார்த்தை கடிந்திருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கடியவில்லை. அன்று மதவாச்சி வரை அக்காரில் எவரும் பேசவில்லை.

அந்த நாடா என்னவாயிற்று என்பதைக் கட்டுரையின் முடிவிற் கூறுவோம். அதன் பின்னரே, காரும் பாட்டும் பற்றிய விஷயங்களை ஒழுங்காகக் கற்கவேண்டும் என்ற எண்ணம் எமக்கு உண்டாயிற்று. கற்றவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கின்றோம்.

கார் பாடக் கற்ற கதை

ஓடும் காரிலே பாட்டுக் கேட்கவேண்டும் என்ற ஆசை புதிதன்று. அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே கல்வின் சகோதரர் நடத்திய தொழிற்சாலை 1930ஆம் ஆண்டில் கார்களுக்கென வானொலிப் பெட்டியொன்றைச் செய்து விற்பனைக்கு விட்டது. அதற்கு அவர்கள் சூட்டிய 'மோட்டோரோலா' என்ற பெயரே பின்னர் அத்தாபனத்தின் பெயராகவும் ஆயிற்று. அந்நாளில் அவர்களுக்குப் பெருந்தொல்லையாக இருந்தது யாதெனில், எஞ்சினின் தீப்பொறி எழுப்பும் மின் இரைச்சலாகும். கார் ஓடத் தொடங்கியதும் பாட்டை மிஞ்சி அந்த இரைச்சலே கேட்கும். இத்தொல்லையின் தம்பி ஒருவன் இன்றும் எம்மிடையே உலாவுகின்றான். அவனைப் பின்னர் சந்திப்போம்.

வானொலியில் நிலையத்தார் விரும்பியதையே நாம் கேட்கலாம். நாம் விரும்பியதைக் கேட்பது எப்படி? கிறைஸ்லர் தாபனத்தார் தமது 1956ஆம் ஆண்டுக் கார்களில் இசைத்தட்டு யந்திரத்தையே பொருத்திப் பார்த்தனர். ஏழங்குல விட்டமுள்ள அத்தட்டு நிமிடத்துக்கு 16⅔ தடவை மட்டும் சுழலும். அதற்கென விசேடமாகச் செய்த தட்டுகளையன்றி வீட்டிலுள்ள தட்டுகளை அதிற் போட முடியாது. ஆகவே அம்முயற்சி நிலைக்கவில்லை. 1965ஆம் ஆண்டில் போர்ட் தாபனத்தார் 'எட்டுத் தட' நாடாப் பெட்டியைத் தமது புதிய கார்களுக்கு அளித்தனர். முடிவில்லா வளையமாகச் சுற்றும் அந்நாடாவைப் பின்னோக்கிச் சுற்ற இயலாது.

இவற்றையெல்லாம் வென்றது சிறிய கசெற். ஒல்லாந்து தேசத்துப் பிலிப்ஸ் தாபனத்தார் 1963ஆம் ஆண்டில் பேர்லின் கண்காட்சியிலே அதனை உலகுக்குக் காட்டினர். நாலு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த அகலமுள்ள நாடா, வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடும். தானே பதியலாம், தானே கேட்கலாம், தபாலிலும் அனுப்பலாம் என்ற மூன்று சௌகரியங்களும் அதற்கு இருந்தமையால், பாட்டுக்கு மட்டுமன்றித் தாய்மாரின் பேச்சுக்கும் அது வாகனமாயிற்று.

பாட்டுப்பெட்டி மனிதனுடன் நடக்கத் தொடங்கியது 1979ஆம் ஆண்டில். யப்பானிய சோனி தாபனத்தாரின் 'வோக்மன்' அவ்வாண்டு யூலை மாதம் விற்பனைக்கு வந்தது. 2001ஆம் ஆண்டில் வந்த 'ஐபொட்', நாடா இல்லாமலே ஆயிரம் பாடல்களைச் சட்டைப் பைக்குள் அடக்கியது. அதன் உற்பத்தி 2022ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதன் வேலையை இன்று கைத்தொலைபேசியே செய்கின்றது. ஆயினும் பெட்டிகள் எத்துணை மாறினும், 'இதனைக் காரோடு இணைப்பது எவ்வாறு?' என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

முதலில் உங்கள் செற்றைப் பாருங்கள்

கடைக்குச் சென்று பணத்தைச் செலவிடுமுன், உங்கள் காரிலுள்ள செற்றின் முகத்தை ஒருமுறை நன்கு உற்றுப் பாருங்கள். பென்சில் முனை நுழையக்கூடிய சிறு வட்டத் துளை உண்டா? தட்டையான யூ.எஸ்.பி. துளை உண்டா? கசெற் வாய் உண்டா? புளூரூத் என்ற அடையாளம் உண்டா? சில கார்களில் இத்துளைகள் செற்றில் இல்லாமல், இருக்கைகளுக்கு நடுவேயுள்ள பெட்டிக்குள்ளோ, கையுறைப் பெட்டிக்குள்ளோ ஒளிந்திருக்கும். 'எம் காரில் ஒன்றுமில்லை' என்று பல ஆண்டுகள் நம்பியிருந்த ஒருவர், கார் கழுவும் நாளிலே துளையைக் கண்டுபிடித்த கதையும் நாம் அறிவோம்.

இவற்றுள் எது இருக்கின்றதோ அதற்கேற்பவே வழியும் அமையும். ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

வயர் வழி

வட்டத் துளை இருப்பின் கவலை தீர்ந்தது. 'ஓக்ஸ்' என்று அதன்மேல் எழுதப்பட்டிருக்கும். அதன் விட்டம் 3.5 மில்லிமீற்றர். இரு முனையிலும் முளையுள்ள வயர் ஒன்றை வாங்கி, ஒரு முனையைப் பாட்டுப்பெட்டியின் காதொலித் துளையிலும், மறுமுனையைக் காரிலும் செருகி, செற்றில் 'ஓக்ஸ்' என்ற பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. அம்முளையின் நுனி இடக்காதுக்குரிய ஒலியையும், நடு வளையம் வலக்காதுக்குரிய ஒலியையும், அடிப்பாகம் இரண்டுக்கும் பொதுவான மின்வழியையும் தாங்குகின்றன. ஒரு பக்கத்து ஒலிபெருக்கி மட்டும் பாடுமாயின், முளை முழுவதும் உட்செல்லவில்லை என்று கொள்க.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. பாட்டுப்பெட்டியின் சத்தத்தை முக்காற்பங்களவில் வைத்துக்கொண்டு, கூட்டலையும் குறைத்தலையும் காரின் செற்றிலே செய்யவேண்டும். பெட்டியின் சத்தத்தைக் குறைத்துக் காரின் சத்தத்தைக் கூட்டினால் சீறலொலி மிகும். பெட்டியின் சத்தத்தை முழுமையாகத் திறந்தால் பாட்டு உடையும்.

2016ஆம் ஆண்டு முதலாகப் பல புதிய கைத்தொலைபேசிகளில் வட்டத் துளை இல்லாமற் போயிற்று. அவற்றை வைத்திருப்போர், மின்னேற்றும் துளையிற் செருகும் சிறு இடைவயர் ஒன்றை வாங்கவேண்டும்.

யூ.எஸ்.பி. வழி

யூ.எஸ்.பி. துளை உள்ள செற்றுக்குப் பாட்டுப்பெட்டியே வேண்டியதில்லை. கட்டைவிரலளவுள்ள நினைவுக்குச்சி ஒன்று போதும். சாதாரண தரத்தில், அதாவது வினாடிக்கு 128 கிலோபிற் என்ற அளவிற் பதிந்த பாட்டு, நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைற் இடத்தைப் பிடிக்கும். 90 நிமிடக் கசெற் ஒன்று 86 மெகாபைற்றில் அடங்கும். ஆகவே 32 கிகாபைற் குச்சியொன்றில் முந்நூறுக்கு மேற்பட்ட கசெற்றுகளை அடக்கலாம். ஓர் அலுமாரியே விரலுக்குள் அடங்கிவிடுகின்றது!

குச்சியைச் செருகியும் செற் 'ஒன்றுமில்லை' என்று கூறினால், பெரும்பாலும் குற்றம் குச்சியை ஆயத்தஞ்செய்த முறையிலே இருக்கும். பழைய செற்றுகள் 'பற் 32' என்னும் முறையில் ஆயத்தஞ்செய்த குச்சியை மட்டுமே வாசிக்கும். கணினி தெரிந்த பிள்ளையிடம் அப்பெயரைச் சொன்னால் ஒரு நிமிடத்திற் செய்து தருவார். ஆயத்தஞ்செய்யும்போது குச்சியில் முன்பிருந்தவை யாவும் அழிந்துவிடும் என்பதை மறவாதீர்கள். அன்றியும், தமிழெழுத்தில் பெயரிட்ட பாடல்களைச் சில செற்றுகள் வெறும் கட்டங்களாகக் காட்டும். 01, 02 என்று இலக்கமிட்டால் வரிசையும் குழம்பாது, கண்ணுக்கும் தொல்லையில்லை.

பொய்க் கசெற் வழி

வட்டத் துளையும் இல்லை, யூ.எஸ்.பி. துளையும் இல்லை, கசெற் வாய் மட்டும் உண்டு என்போர் வருந்தவேண்டாம். அவர்களுக்கெனவே ஒரு விநோதமான சாதனம் உண்டு. உருவத்தில் அது கசெற்றேதான். உள்ளே நாடா இல்லை. அதிலிருந்து வால்போல ஒரு வயர் புறப்பட்டுப் பாட்டுப்பெட்டிக்குச் செல்லும்.

நாடா இல்லாமல் எவ்வாறு பாடுகின்றது? கசெற் செற்றின் தலையென்பது நாடாவிலுள்ள காந்த மாற்றங்களை உணர்ந்து மின்னாக்கும் உறுப்பாகும். பொய்க் கசெற்றிலே அத்தலைக்கு நேரெதிரே சிறு மின்காந்தம் ஒன்று அமைந்திருக்கின்றது. பாட்டுப்பெட்டியிலிருந்து வரும் மின்னோட்டம் அதனூடாகச் செல்ல, காந்தப்புலம் பாட்டுக்கேற்பக் கூடிக் குறைகின்றது. செற்றின் தலையோ, தனக்கு முன்னால் நாடா ஓடுவதாகவே நம்பிப் பாடுகின்றது! உள்ளேயுள்ள பற்சக்கரங்கள் சும்மா சுழல்வதும் இதே ஏமாற்றுக்காகவேயாம். சக்கரம் சுழலாவிடின், நாடா முடிந்துவிட்டதென்று கருதிச் செற் அதனை வெளியே தள்ளிவிடும்.

போட்டும் சத்தம் வராவிடின், செற்றின் திசைமாற்றும் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். இருபக்கமும் தானே மாறிப் பாடும் செற்றுகள் சிலவேளை மறுபக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கும்.

எப்.எம். வழியும் யப்பானியச் சிக்கலும்

துளையும் இல்லை, கசெற் வாயும் இல்லை, வானொலி மட்டுமே உண்டு என்போருக்குக் குட்டி ஒலிபரப்பி உதவும். அதனைச் சிகரெற் பற்றவைக்கும் 12 வோல்ற் துளையிற் செருகினால், பாட்டுப்பெட்டியின் ஒலியை எப்.எம். அலையாக மாற்றிச் சில மீற்றர் தூரத்துக்கு மட்டும் பரப்பும். அது காட்டும் இலக்கத்துக்கே வானொலியையும் திருப்பினால் பாட்டுக் கேட்கும். எந்த நிலையமும் இல்லாத வெற்றிடத்தைத் தெரிந்தெடுப்பதே இதன் இரகசியம். கொழும்பில் வெற்றிடமாக இருந்த இடத்தில் அநுராதபுரத்தை அடைந்ததும் வேறொரு நிலையம் குறுக்கிடலாம். அப்போது இரண்டையும் வேறிடத்துக்கு மாற்றவேண்டும்.

இங்கேதான் எம் நாட்டவர் பலர் தடுமாறுகின்றனர். இலங்கையைப் போலவே யப்பானிலும் வாகனங்கள் வீதியின் இடப்பக்கமாகச் செல்வதால், அங்கு ஓடிய கார்கள் எமது வீதிக்கும் பொருந்துகின்றன. 'றீகொண்டிஷன்' என்ற பெயரோடு அவை இங்கு வந்து குவிந்தன. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே சொந்தக் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் எம்மவர் பழைய கார்களையே பேணிப் பாதுகாத்து ஓட்டினர். கார் இங்கு வந்துவிட்டது; அதன் செற்றோ யப்பானியப் பழக்கத்தை விடவில்லை.

யப்பானிய எப்.எம். வானொலி நெடுங்காலமாக 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள அலைகளையே பயன்படுத்தியது. இலங்கையில் நாம் பயன்படுத்துவது 88 முதல் 108 வரை. ஆகவே அக்காரின் வானொலி எமது நிலையங்களுள் 90க்கு மேற்பட்டவற்றை எட்டமாட்டாது. குட்டி ஒலிபரப்பிகளோ பெரும்பாலும் 87.5 முதல் 108 வரை பரப்புவன. இரண்டும் சந்திக்கும் இடம் 87.5க்கும் 90க்கும் இடைப்பட்ட சிறு சந்து மட்டுமேயாம். ஒலிபரப்பியை 98இல் வைத்துவிட்டு 'சாமான் பழுது' என்று கடைக்காரருடன் சண்டையிடுவோர் இதனை அறியாதவரே.

இக்குறையைத் தீர்ப்பதற்காகக் கராஜ்களில் 'பாண்ட் எக்ஸ்பாண்டர்' என்ற சிறு பெட்டியை அன்ரெனா வயருக்கும் செற்றுக்கும் இடையிலே பூட்டுவார்கள். அது வரும் அலையின் மீடிறனிலிருந்து ஒரு குறித்த தொகையைக் கழித்துச் செற்றுக்குக் கொடுக்கும். 18 மெகாஹேர்ட்ஸ் கழிக்கும் பெட்டியாயின், 100இல் வரும் நிலையம் செற்றில் 82 என்று தோன்றும். அத்தகைய காரிலே ஒலிபரப்பியை 98இல் வைத்தால், வானொலியை 80இல் வைக்கவேண்டும். இந்தச் சிறு கழித்தற் கணக்கை அறிந்தவருக்குச் சிக்கலே இல்லை.

புளூரூத் வழி

வயரே வேண்டாம் என்போருக்குப் புளூரூத் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் தேனியரை ஒன்றுசேர்த்த ஹரால்ட் என்ற மன்னரின் பட்டப்பெயரே இதற்கு இடப்பட்டது. பிரிந்திருக்கும் கருவிகளை ஒன்றுசேர்ப்பதால் அப்பெயர் பொருத்தமே. காரைச் சொந்தமாக வைத்திருப்பவர் ஒருமுறை தொலைபேசியையும் செற்றையும் அறிமுகஞ் செய்துவைத்தால், பின்னர் அவை தாமே ஒன்றையொன்று இனங்கண்டுகொள்ளும். செற்றிலே புளூரூத் இல்லாது 'ஓக்ஸ்' துளை மட்டும் இருப்பின், அத்துளையிற் செருகும் சிறு புளூரூத் வாங்கி ஒன்றைப் பெறலாம்.

ஒரு சங்கடத்தை மட்டும் கூறிவைப்போம். தந்தையின் தொலைபேசியும், தாயின் தொலைபேசியும், மகளின் தொலைபேசியும் அக்காருக்கு அறிமுகமாயிருப்பின், எது முந்துகின்றதோ அதுவே பாடும். பக்திப் பாடலை எதிர்பார்த்திருந்த பாட்டியாருக்குப் பேத்தியின் தோழி பேசுவது ஒலிபெருக்கியிற் கேட்ட வேடிக்கையும் நடந்ததுண்டு. பயணத்தின்போது மற்றத் தொலைபேசிகளிற் புளூரூத்தை அணைத்து வைப்பது குடும்ப ஒற்றுமைக்கு நல்லது.

கீச்சிடும் தம்பி

முன்னர் கூறிய இரைச்சலின் தம்பியை இப்போது சந்திப்போம். வயரால் இணைத்துப் பாட்டுக் கேட்கையில், 'ஙீ...' என்று ஒரு கீச்சொலி எழும். எஞ்சின் வேகமெடுத்தால் அதுவும் உயரும். வேகங் குறைந்தால் தாழும். எஞ்சினுடன் சேர்ந்து சுழன்று மின்னாக்கும் 'ஓல்ற்றனேற்றர்' எழுப்பும் மின்னலைவே அது.

பாட்டுப்பெட்டியைக் காரின் மின்துளையில் மின்னேற்றிக்கொண்டே 'ஓக்ஸ்' வயராலும் இணைக்கும்போதுதான் இது பெரும்பாலும் தோன்றுகின்றது. மின்னேற்றும் வயர் ஒருபுறமும், பாட்டு வயர் மறுபுறமுமாக, காரின் உலோக உடலுக்கு இரண்டு வழிகள் அமைந்து ஒரு வளையம் உண்டாகின்றது. அவ்வளையத்திலே புகுந்த அலைவு பாட்டுடன் கலக்கின்றது. சோதித்தறிவது மிக எளிது: மின்னேற்றும் வயரைக் கழற்றுங்கள், கீச்சொலி மறைந்தால் காரணம் இதுவே. பெட்டியை வீட்டிலேயே மின்னேற்றிக்கொண்டு புறப்படுவது செலவில்லாத பரிகாரம். அஃது இயலாதெனின், பாட்டு வயரின் இடையே பூட்டும் 'கிரவுண்ட் லூப் ஐசோலேற்றர்' என்ற சிறு சாதனத்தை வாங்கலாம். அதனுள்ளே இரு சிறு நிலைமாற்றிகள் உள்ளன. பாட்டு காந்தத்தின் மூலமாகக் கடந்து செல்லும். உலோகத் தொடர்பு அறுந்துவிடுவதால் வளையமும் அறும்.

சாரதியின் கண் வீதியில்

எவ்வழியாயினும் ஒரு விதி பொது. பாட்டை மாற்றுவது சாரதியின் வேலையன்று. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார், வினாடியொன்றில் ஏறத்தாழ 17 மீற்றர் தூரம் ஓடிவிடும். அடுத்த பாட்டைத் தேடி மூன்று வினாடி கண்ணைத் தாழ்த்தினால், 50 மீற்றர் தூரத்தைக் குருடராகவே கடந்தவராவோம். வன்னிப் பாதையிலே மாடு குறுக்கிடுவதற்கு அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. புறப்படுமுன்பே பாட்டை ஒழுங்குசெய்து வைத்துக்கொள்க. மாற்றவேண்டின் பக்கத்திலிருப்பவர் மாற்றட்டும். ஒருவரும் இல்லையெனின் நிறுத்தி மாற்றுக. வயரும் கியர் தண்டிலோ சுக்கானிலோ சிக்காதவாறு ஒதுங்கியிருக்கட்டும்.

பழைய கசெற் வைத்திருப்போருக்கு

இனி, எமது தவறால் நாம் கற்ற பாடத்தைக் கூறுவோம். பழைய கசெற்றை ஒருபோதும் கார் செற்றில் முதன்முதலாகப் போட்டுப் பார்க்கலாகாது. கார் வெயிலிற் கிடப்பது. செற்றினுள்ளே நாடாவை அழுத்தி இழுக்கும் றப்பர் உருளை காலப்போக்கிற் பிசுபிசுத்துவிடும். நாடா அதில் ஒட்டிச் சுற்றிக்கொண்டால் கசெற் கடிபட்டது என்று பொருள்.

வீட்டிலே நன்றாக ஓடும் பிளேயர் ஒன்றைத் தேடிக்கொள்க. அதன் தலையையும் உருளையையும் சுத்தஞ் செய்வித்து, முதலில் உதவாத கசெற் ஒன்றைப் போட்டுச் சோதித்துப் பார்க்க. பின்னர் பழைய கசெற்றின் மேல்விளிம்பிலுள்ள இரு சிறு தகடுகளையும் முறித்துவிட்டால், தவறுதலாக அதன்மேல் வேறெதுவும் பதியப்படமாட்டாது. நாடாவை ஒருமுறை முடிவு வரை ஓடவிட்டு மீண்டும் சுற்றிக்கொண்டால் இறுக்கம் சீராகும். அதன்பின் பிளேயரின் காதொலித் துளையிலிருந்து கணினிக்கு வயர் கொடுத்துப் பதிந்துகொள்ளலாம். பதிந்ததை ஓரிடத்தில் மட்டும் வையாது மூன்றிடத்தில் வைக்கவேண்டும். அவற்றுள் ஒன்று வேறு வீட்டிலே இருப்பது உத்தமம்.

நண்பரின் கசெற்றுக்கு நேர்ந்தது இதுதான். ஊரிலிருந்து திரும்பியதும் வானொலி திருத்தும் முதியவர் ஒருவரிடம் அதனைக் கொண்டு சென்றோம். அவர் ஐந்து திருகாணிகளையும் கழற்றி, நாடாவை விரலால் நீவிப் பார்த்து, கிழிந்து மடிந்திருந்த ஒரு முழத்தை வெட்டி நீக்கி, மிகுதியை ஒட்டிக் கொடுத்தார். ஒரு முழம் நாடா என்பது ஒன்பதரை வினாடிப் பேச்சு. மறுபக்கத்திலும் அவ்வளவு போகும் என்றாலும், அப்பக்கத்தின் அவ்விடம் வெறுமையாக இருந்தமை தெய்வாதீனம். மிகுதி முழுவதையும் மகன் கணினியிற் பதிந்து, சிறு பாட்டுப்பெட்டி ஒன்றில் ஏற்றித் தந்தையிடம் கொடுத்தார்.

அதனைக் காரில் கேட்பதற்கு எப்.எம். வழியை முதலில் முயன்றோம். யப்பானியச் செற்றின் அந்தச் சிறு சந்துக்குள் எமக்கு வெற்றிடம் கிடைக்கவில்லை. முடிவில் பொய்க் கசெற்றையே வாங்கினோம். நாடாவைக் கடித்த அதே வாய், கடிப்பதற்கு நாடா இல்லாத கசெற்றை ஏற்றுக்கொண்டு அமைதியாகப் பாடுகின்றது.

"வெட்டுப்பட்ட இடத்திலை அம்மா என்ன சொன்னவா?" என்று நண்பர் மகனிடம் கேட்டார். மகனுக்கு அது மனப்பாடம். "'குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, தம்பி. எனக்காக ஒண்டும் அனுப்பவேண்டாம்' எண்டு சொன்னவா, அப்பா" என்றார்.

மகன் ஜேர்மனிக்குத் திரும்பிச் சென்றபின், ஒருநாள் நண்பருடன் காரிற் சென்றோம். ஆறாவது நிமிடம் வந்தது. அம்மையாரின் குரல் ஒரு சொல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. நண்பர் வீதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, தம்பி" என்று தாமே மெல்லச் சொல்லிக்கொண்டார்.

வாசகர்களே, உங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டிலும் பெயரெழுதாத கசெற் ஒன்று கிடக்கக்கூடும். இந்த ஞாயிற்றுக்கிழமையே அதனைத் தேடி எடுங்கள். முதலிற் பிரதி; பின்னரே பிரயாணம்.